காலுக்கு

"என்னம்மா, மிஷின் தாலாட்டுதா?" பக்கத்து மிஷின்காரர் கேட்டதும் அவள் திடுக்கிட்டு விழித்தாள்.

"முடியலண்ணே. வேலையை விட்டுடலாமான்னு இருக்கு."

"நீ சுத்துற ஒவ்வொரு ஸ்பிரிங்கும் யாரோ ஒருத்தர் காலுக்குப் போகுது. மறந்துடாதே."

அவள் சோரும்போதெல்லாம் அவர் சொல்வது அதுதான். கேட்டதும் ஊன்றுகோலோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் தம்பி நினைவுக்கு வருவான். கைக்குத் தெம்பு வந்துவிடும். இன்றும் நிமிர்ந்தாள்.

"அண்ணே, முதலாளிகிட்ட சொல்லி என் தம்பிக்கும் ஒண்ணு வாங்கித் தர்றீங்களா?"

"எது?"

"செயற்கைக் கால்தான். நாம செய்றதுதானே!"

அவர் தன் மிஷினை நிறுத்தினார்.

"தம்பிக்கு என்னாச்சு? நீ சொன்னதே இல்லையே."

"பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழின்னு வயல்ல இறங்கினான். கண்ணிவெடியை மிதிச்சுட்டான்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதல் நாள் கிண்டலாத்தான் சொன்னேம்மா. உன் முகம் மலர்ந்துச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல மனசு வரல."

"அப்போ காலுக்கு இல்லையா?"

"காலுக்குத்தான். மண்ணுக்குள்ள, காலுக்கு அடியில."

அவளுடைய மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கைதான் எழவில்லை.