பதினாலாம் பக்கத்துப் பிழை

“இதைத் தட்டினது யாரு?”

இயக்குநர் போட்ட சத்தத்தில், கூட்ட அறையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் காகிதத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். மூலையில் நின்ற தட்டச்சுக்காரி ஓரடி முன்னால் வந்தாள்.

தேசிய உடலியக்கக் கொள்கை. நாட்டு மக்களையெல்லாம் எழுந்து நடக்க வைக்கப்போகிற முப்பது பக்க வரைவு. நாளைக் காலை அமைச்சர் மேசையில் இருந்தாக வேண்டும்.

“நான்தான் சார்.”

“பதினாலாம் பக்கம். சத்தமாப் படிங்க.”

படித்தாள். “குடிமக்கள் அனைவருக்கும் தினமும் முப்பது நிமிட நடைபாதை கட்டாயம்.”

அறை கொல்லென்று சிரித்தது.

“நடைப்பயிற்சின்னு எழுதிக் கொடுத்தா நடைபாதைன்னு தட்டியிருக்கு சார்,” என்று தலைமை எழுத்தர் எடுத்துக்கொடுத்தார். “கைக்குழந்தைக்காரி பாருங்க. கை இங்கே, நினைப்பு அங்கே!”

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தற்காலிக வேலை. ஒரே ஒரு கையெழுத்தில் போய்விடும்.

“மனசுல ஓடறதுதான் விரல்ல வரும்,” என்றார் இயக்குநர். “அப்படி என்ன ஓடுச்சு?”

“குழந்தையைக் காப்பகத்துல விட்டுட்டுத்தான் சார் வேலைக்கு வருவேன். தள்ளுவண்டியில வெச்சு, நடந்துதான். ரோட்டோரம் கால் வைக்க இடம் கிடையாது. இன்னிக்கு ஒரு லாரி...”

“லாரி?”

“வண்டிச் சக்கரத்தை உரசிட்டுப் போச்சு சார். குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. எனக்குத்தான் இன்னும் அந்த ரோடே கண்ணுல நிக்குது.”

சிரிப்பு நின்றுபோனது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

“போய்த் திருத்திக் கொண்டு வாங்க.”

அவ்வளவுதான். ‘குழந்தை எப்படியிருக்கு’ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன, வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்? கல்லு மனுஷன்! மனதுக்குள் வைதபடியே போனாள்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். நடைபாதை போய், நடைப்பயிற்சி வந்திருந்தது.

இயக்குநர் பார்த்தார். பேனாவை எடுத்தார். ‘தினமும் முப்பது நிமிட’ என்பதையும் அவள் திருத்தியதையும் அடித்துவிட்டு, மேலே ‘நடைபாதை’ என்று தன் கையாலேயே எழுதினார். பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க. நான் திருத்தச் சொன்னது இந்த வார்த்தையை இல்லம்மா. மத்த இருபத்தொன்பது பக்கத்தை!”