மீனம்பாக்கத்தில் இரண்டு தரையிறக்கம்

"ஏன்டி, ரோஷினி ஓட்டுறது ஏரோப்ளேன். நீ ஓட்டுறது இன்னாது?"

போன வருஷம் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா ஞானகுமாரி சும்மா கேட்டதுதான். கேட்டவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். ஸ்வீட்லினால் மறக்க முடியவில்லை.

ரோஷினியும் அதே தெருதான். ஆவடி பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. பத்தாவதோடு ஸ்வீட்லின் நின்றுவிட்டாள். ரோஷினி பிளஸ் டூ முடித்து பைலட் படிப்புக்கு வடநாடு போனாள். ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர், "ஆகாயத்தில் பறக்கும் நம் சபையின் மகளுக்காக" என்று ஜெபிக்கும்போது ஸ்வீட்லின் மட்டும் ஆமென் சொல்லமாட்டாள்.

அவளுக்கு வாய்த்த விமானம் அண்ணன் லிபினின் கம்ப்யூட்டரில் இருந்தது. அம்பத்தூர் ஐடி கம்பெனியில் வேலை கிடைத்த ஜோரில் பெரிய திரையும் ஜாய்ஸ்டிக்கும் வாங்கி, சிமுலேட்டர் போட்டான். ஒரே மாதத்தில் அவனுக்கு அலுத்துவிட்டது. அன்றிலிருந்து அவள்தான் பைலட். மீனம்பாக்கத்தில் மட்டும் ஆயிரம் தடவைக்கு மேல் இறக்கியிருப்பாள்.

லீவில் வந்திருந்த ரோஷினி ஒரு நாள் மாலை ஸ்வீட்லின் வீட்டுக்கு வந்தாள். பாஸ்டர் வந்தால் மட்டும் வெளியே வரும் பூப்போட்ட கோப்பையில் அம்மா அவளுக்குக் காபி கொடுத்தாள். ஸ்வீட்லினுக்கு வழக்கமான டம்ளர்தான். வயிறு எரிந்தது.

சிமுலேட்டரில் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டேன் என்று ரோஷினியைக் கூப்பிட்டாள். அம்மா கண் முன்னாலேயே அவளை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும்.

ரோஷினி சிரித்தாள். இந்தப் பொம்மையையெல்லாம் தான் தொட்டதே இல்லை என்றாள். நிஜத்தில் கிளம்பும்போது சீட்டே முதுகைப் பிடித்துத் தள்ளுமாம். காற்றில் தூக்கிப் போட்டால் குடல் தொண்டைக்கு வருமாம். இதில் நாற்காலிகூட ஆடாதே என்றாள். அம்மா வாய் மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ உனுக்கு இது தூசு. ஓட்டேன் பாக்கலாம்."

பக்கவாட்டில் பலமான காற்று வீசும்படி அமைத்து, முதலில் ஸ்வீட்லின் இறக்கினாள். இரண்டு குதி குதித்து, கோணலாக ஓடி நின்றது. அந்தக் காற்றுக்கு அதுவே பெரிது.

அடுத்து ரோஷினி உட்கார்ந்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. வலது கை ஜாய்ஸ்டிக்கில், இடது கை கீபோர்டில். பார்வை திரையை விட்டு நகரவில்லை. ஒரு விரல் தட்டியது, இறக்கை மடல்கள் விரிந்தன. இன்னொரு விரல் தட்டியது, சக்கரங்கள் இறங்கின. தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல விமானம் ஓடுதளத்தில் உட்கார்ந்தது. இன்னொரு தட்டு, பிரேக்.

"பாத்தியா? அது படிச்ச கை," என்றாள் அம்மா.

ஸ்வீட்லினுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆயிரம் தடவை இறக்கியும் இவளிடம் தோற்றாயிற்று. இனி ஜென்மத்துக்கும் இவளைப் பிடிக்க முடியாது. பொறாமையை விழுங்கிக்கொண்டு, கற்றுக்கொள்ளவாவது செய்யலாம் என்று கேட்டாள்.

"எந்த பட்டன் எதுக்குன்னு மனப்பாடமாவறதுக்கே எனுக்கு ஆறு மாசம் ஆச்சு ரோஷினி. நீ குனிஞ்சுகூடப் பாக்கல. நெஜ ப்ளேன்ல இந்த மாதிரி கீபோர்டே கெடையாதே, இதத் தொட்டதே இல்லன்னு சொன்ன நீ எங்க கத்துக்கின?"

ரோஷினியின் இடது கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. பிறகு எழுந்து, அம்மா ஞானகுமாரியின் முகத்தைப் பார்க்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.