எண்ணெய் பூசும் நாள்

கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி அண்ணன் தோட்டத்தின் ஓரமாக நடந்தான், திரும்பினான், மீண்டும் நடந்தான்.

அவனுடைய ஷூவின் கீழே புல் படிந்து ஒற்றையடிப் பாதையே உருவாகிவிட்டது.

வீட்டின் பின்வாசலை ஒட்டி விரிந்திருந்தது அந்த மரத்தளம். அதன் நடுவே, சாக்கை மடித்துப் போட்டுத் தங்கையின் மாமனார் அமர்ந்திருந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அருகே தங்கை கையில் தண்ணீர்க் குவளையோடு வெறுங்காலில் நின்றாள்.

தளத்தை அமைத்தவன் அவளுடைய கணவன். கடைசிப் பலகையை ஆணியடித்து முடித்தவன், எண்ணெய் பூசுவதற்குள் இறந்துபோனான். காப்பின்றி ஒரு மழைக்காலம் முழுவதும் நனைந்த மரம், பாசி படர்ந்து நரைத்திருந்தது.

"இதுக்கு எண்ணெய் பூசி முடிச்சுட்டு வந்துடறேண்ணா" என்று, பிறந்த வீட்டில் சில நாள் தங்கிவிட்டு இங்கே திரும்பிய அன்று தங்கை சொன்னாள்.

"கூட்டிட்டுப் போங்க தம்பி. இந்தக் கிழவனோட அவளுக்கு இங்க என்ன இருக்கு?" என்று மாமனாரும் சொன்னார்.

இருவர் வாக்கையும் நம்பித்தான் அவன் காரை எடுத்து வந்தான். அங்கே அம்மா மாடியறையைக் கழுவி, புதுத் திரை மாட்டி, வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறாள். இங்கே தங்கையின் பெட்டியும் கட்டிய கயிற்றோடு கூடத்தில் தயாராக இருக்கிறது.

குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமனாரும் மருமகளுமாகப் பாசியைச் சுரண்டினார்கள்; கழுவினார்கள்; உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். நரை நீங்கிய மரம் தேன் நிறத்தில் மின்னியது. எஞ்சியது காய்வது மட்டுமே.

உள்ளே நீர் நிறைந்த மரம் எண்ணெயைக் குடிக்காது. பூசினாலும் தோல் தோலாய் உரிந்துவிடும். அதற்கு ஒரு சோதனை உண்டு. பலகைமேல் ஒரு துளி நீரை விட வேண்டும். துளி திரண்டு நின்றால் மரத்தில் ஈரம் இருக்கிறது. உள்ளே இறங்கி மறைந்தால் காய்ந்துவிட்டது.

போன முறை அவன் வந்தபோது துளி நின்றது. அதற்கு முந்தைய முறையும் நின்றது. இரண்டு முறையும் வெறும் காரோடு திரும்பினான்.

இன்று வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. கொடியில் போட்ட துணி விறைத்துக் கிடந்தது. பையில் கைபேசி துடித்தது, அம்மா. அவன் எடுக்கவில்லை. என்ன சொல்வது?

"மாமா, நீங்க ஓட்டின ரயில் ஒரு நாளாவது நேரத்துக்குப் போய்ச் சேந்திருக்கா?"

"சிக்னல் விழாம வண்டிய எடுக்கற பழக்கம் நமக்கில்ல தம்பி" என்றார் அவர், திரும்பாமலே. "பின்னாடி உக்காந்திருக்கறவங்க கத்தத்தான் செய்வாங்க."

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். கணவன் போனபின் பிறந்த வீட்டில் வந்து தங்கிய நாள்களில் அவள் ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை. அது அவன் மனத்தில் படவில்லை; மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு நிலையில் நில்லாமல் கால் மாற்றி மாற்றி நின்றாள். பாவம், அவளுக்கும் புறப்படும் அவசரம் என்று எண்ணிக்கொண்டான்.

பெரியவர் குவளையில் விரல் நனைத்து, பலகைமேல் ஒரு துளி சொட்டினார். இரண்டு தலைகளும் ஒருசேரக் குனிந்தன. நின்ற இடத்திலிருந்து அவனுக்கு அவர்களுடைய முதுகுகள்தாம் தெரிந்தன.

"முத்தாட்டம் நிக்குது" என்றார் அவர்.

"ஆமா மாமா. அப்படியே நிக்குது."

அண்ணனுக்குப் பொறுமை அற்றுப்போனது. ஷூவோடு தளத்தில் ஏறக் கூடாது என்பது தங்கையின் கட்டளை. நாடாவை அவிழ்க்கச் சோம்பியே முந்தைய முறைகளில் அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திரும்பியிருந்தான். இன்று குனிந்து நாடாவை இழுத்தான்.

"வேணாண்ணா. சில்லுனு இருக்கு, கால் ஊறிடும்."

அவன் ஏறினான்.

உள்ளங்கால் பொரிந்தது. அடுத்த அடியும் அவ்வாறே. கொதிக்கும் பலகைகளின்மேல் எட்டி எட்டி வைத்து அவர்களை நெருங்கினான்.

துளி விழுந்த இடத்தில் துளி இல்லை. சிறிய கரும்புள்ளி ஒன்று இருந்தது. அதுவும் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து, மரத்தின் நிறமாயிற்று.

நிழலில் எண்ணெய் டின் மூடி திறவாமல் நின்றது. அதன்மேல் கிடந்த பிரஷ்ஷின் உறைகூடக் கிழிபடவில்லை.

பெரியவர் தலை நிமிராமல், பலகை இடுக்கில் எதையோ தேடுபவர்போல் விரலால் நெருடிக்கொண்டிருந்தார். தங்கை மட்டும் அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில்தான் நீர் திரண்டு நின்றது. குனிந்தான், அவளுடைய பாதங்களின் விளிம்பு செக்கச் சிவந்திருந்தது.

கைபேசி மறுபடியும் துடித்தது.

இம்முறை எடுத்தான்.

"இல்லம்மா, இன்னும் கிளம்பல." சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். "ஆமா, நானே கால் வெச்சுப் பாத்துட்டேன். சில்லுனுதான் இருக்கு."

சொல்லிவிட்டு, அவனும் கால் மாற்றி மாற்றி நின்றான்.