மாடிமேல் சிமெண்ட் லாரி

ஒரு நாள் நெசவாளி சண்முகவேல் சாலையோர விசித்திரங்களைப் படமெடுக்க, மனைவி அங்கம்மாளோடு ராசிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினான். சேந்தமங்கலம் போகும் வழியில், ஒரு வீட்டு மாடியில் சிமெண்டில் கட்டிய லாரி நின்றது. அவன் கேமராவைத் தூக்கியதும் வீட்டுக்காரி குப்பாயி கல்லோடு ஓடிவந்தாள்.

“போன வருசம் நீங்க படம் புடிச்ச மறுநாளே எங்கூட்டுக்காரரு லாரியில அடிபட்டுச் செத்தாருங்க. இப்ப யாரைக் கொண்டுபோக வந்தீங்க?”

“ஆளு தெரியாமப் பேசறீங்க. இந்தப் பக்கமே நாங்க வந்ததில்லீங்க.”

குப்பாயி உள்ளே போய் ஒரு படத்தைக் கொண்டுவந்து அவன் முகத்தில் விட்டெறிந்தாள். அதில் அந்தச் சிமெண்ட் லாரிக்கு முன்னால் அவள் புருஷன் சிரித்தபடி நின்றான். பக்கத்தில் அங்கம்மாள் நின்றாள். படத்தில் அவள் உடுத்தியிருந்த அன்னப்பட்சிக் கரைச் சேலைதான் இப்போதும் அவள் உடம்பில் இருந்தது. அதைச் சண்முகவேல் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தது நேற்றுச் சாயங்காலம்.