சத்து மாத்திரை

சகாயமேரிக்குப் பார்வை இல்லை. கல்யாணமானதிலிருந்து தினமும் காலையில் அவளுடைய கணவன் செல்வின் அவள் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைப்பான். "சத்து மாத்திரை புள்ள, ரத்தம் ஊறும்" என்பான். குழந்தைப் பேச்சை எடுத்தால், "கர்த்தர் குடுக்கும்போது குடுப்பாரு" என்பான். விடுதியில் படித்த காலத்தில் அவள் விழுங்கிய சத்து மாத்திரைகள் பெரியவை, நாக்கில் இரும்பு வாடை அடிக்கும். இதுவோ மிகச் சிறியதாக இருந்தது, இனித்தது.

துவைக்க எடுத்த அவன் சட்டைப் பையில் ஒருநாள் மாத்திரை அட்டை கிடைத்தது. அதைத் தெருமுனை மருந்துக்கடையில் நீட்டினாள். கடைக்காரப் பெண் தயங்கினாள். "இது கர்ப்பம் தரிக்காம இருக்கறதுக்குப் போடுறது, அக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

அட்டையை அதே சட்டைப் பையில் வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் அவன் மாத்திரையோடு வந்தான்.

"இன்னைக்கு நீங்க போடுங்க. சத்துதானே?"

"எனக்கெதுக்கு புள்ள?"

"போடுங்க."

அவன் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "போட்டுட்டேன்" என்றான்.

அவள் அவனுடைய கைகளைத் துழாவிப் பிடித்தாள். ஒரு கை விரிந்திருந்தது. இறுக மூடியிருந்த இன்னொரு கையை விரல் விரலாகப் பிரிக்கத் தொடங்கினாள்.