ஏழு நிமிடம்

லேசர் அறையிலிருந்த மோட்டார்களுக்கும் அடுத்த அறைக் கணினிக்கும் இடையிலான தொடர்பு திடீரென அறுந்துபோனது. ஆராய்ச்சி மாணவி மங்கையர்க்கரசி அவை தள்ளும் எஃகுத் தட்டை நகரச் சொல்லும் கட்டளையை மறுபடி மறுபடி அழுத்தினாள். ஒன்றும் அசையவில்லை. ஐந்து வருட ஆய்வின் கடைசி அளவீடு அது.

ஆய்வக உதவியாளர் எபனேசர் லேசர் அறைக்குள் போனார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"கேபிள்தாம்மா கழண்டு கெடக்கு. சொருகிப் பாக்கேன்."

அவர் சொருகியதும், தேங்கிக் கிடந்த கட்டளைகள் எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. எஃகுத் தட்டு விருட்டென நகர்ந்து அவருடைய விரல்களைச் சட்டத்தோடு வைத்து நசுக்கி நின்றது.

"யம்மா, நிறுத்தும்மா. கை மாட்டிக்கிட்டு."

அவள் கை சிவப்புப் பொத்தான் வரை போனது. அழுத்தினால் தட்டு விலகிவிடும். மூன்று மாதமாகச் சரிசெய்து வைத்த நிலையும் அதோடு போய்விடும். திரையில் ஏழு நிமிட அளவீடு ஓடத் தொடங்கியிருந்தது. ஒலிவாங்கியை அருகில் இழுத்தாள்.

"அண்ணே, ஏழு நிமிஷம் கைய அசைக்காம இருக்க முடியுமா?"

மூச்சிரைக்க, "பாக்கேம்மா" என்றார்.

"ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டு, அவள் ஒலிபெருக்கியின் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்தாள்.