நீங்கள் என்ன ஆக்கள்?

நியூ லின் புறநகரிலிருந்த தன் வீட்டில் அருள்ராசா காலையிலிருந்தே கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மகள் நிசாந்தினியைத் தன் மகன் கலமுக்குப் பெண் கேட்டு மக்டொனால்ட் வருகிறார்.

“வெள்ளைக்காரன் எங்கட நிறத்தைப் பார்த்து வேண்டாமெண்டால் என்னப்பா செய்யிறது?”

“இஞ்சேருங்கோ, சும்மா இருங்கோ. வந்தவுடன வடையைக் குடுப்பம்,” என்றாள் மனைவி தேவமலர்.

மகனோடு வந்த மனிதர் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. தாலி, பட்டுவேட்டி, எண்ணூறு பேருக்குச் சாப்பாடு என எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அருள்ராசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அதுசரி, உங்கள் குடும்பப் பெயர் என்ன?” என்று கேட்டார் மக்டொனால்ட்.

பதில் தெரிந்த கலம் அவசரமாக முகட்டைப் பார்த்தான்.

“கேம்பல். யாழ்ப்பாணத்தில என்ர பூட்டனுக்கு ஸ்கொட்லாந்துப் பாதிரியார் வைச்ச பேர்,” என்றார் அருள்ராசா.

மக்டொனால்ட் கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டார்.

“கேம்பலா! முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஸ்கொட்லாந்தில் எங்கள் மக்டொனால்ட் ஆட்களின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, விடியுமுன் அவர்களையே வெட்டிப்போட்ட கூட்டம்! கலியாணத்தோடு அந்தப் பெயரை உங்கள் மகள் விட்டுவிட வேண்டும்.”

அதுவரை ஒடுங்கிக் கிடந்த அருள்ராசா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏன் விடோணும்? அது எங்கட பரம்பரைப் பேர்!”

தேவமலர் தலையில் கைவைத்தாள். மக்டொனால்ட் அருள்ராசாவை உற்றுப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“இந்தத் திமிர் ஒன்றே போதும், நீங்கள் அசல் கேம்பல்தான். சரி சம்பந்தி, இன்னொரு வடை தாருங்கள். ஆனால் ராத்திரிக்கு நான் இங்கே தங்க மாட்டேன்!”